ஐஸ்லாந்தின் நாய்களும் ஒரு சிறு நூலும்

மனிதன் பழக்கி வளர்த்த விலங்குகளுள், அவனோடு ஒரே கூரையின் கீழ் வாழும் உரிமையை முதன்முதலிற் பெற்றது நாய். வீட்டைக் காப்பதும், மந்தையை மறிப்பதும், குழந்தைகளோடு விளையாடுவதும் அதன் தொழில். நன்றிக்கு நாயை எடுத்துக்காட்டாகச் சொல்வது தமிழர் வழக்கம். ஆயினும், அந்த நன்றியுள்ள பிராணியின் குடலிலே, அதற்கும் தெரியாமல், அதனை வளர்ப்போருக்கும் தெரியாமல், ஒரு குடும்பத்தையே நோயில் வீழ்த்தவல்ல பகை குடியிருத்தல் கூடும். அந்தப் பகையினால் பல நூற்றாண்டுகள் துன்புற்ற ஒரு சிறிய நாடு, அதனை இனங்கண்டு, தன் நாய்களையும் இழந்துவிடாமல், நோயை வேரோடு களைந்தது. அந்த நாடு ஐஸ்லாந்து.

வட அத்திலாந்திக் சமுத்திரத்திலே, துருவ வட்டத்தை ஒட்டிக் கிடக்கும் தீவு ஐஸ்லாந்து. பரப்பளவில் இலங்கையிலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரியது. ஆனால் 1860ஆம் ஆண்டளவில் அங்கு வாழ்ந்த மக்களோ ஏறத்தாழ 67,000 பேர் மட்டுமே. ஒன்பதாம் நூற்றாண்டிலே அங்குச் சென்று குடியேறிய நோர்வே நாட்டினர் தம்முடன் செம்மறியாட்டையும் நாயையும் கொண்டு சென்றனர். தானியம் நன்கு விளையாத அந்த மண்ணிலே செம்மறியாடே செல்வம். அதன் இறைச்சி உணவு, பால் உணவு, மயிர் உடை. கோடை முழுவதும் ஆடுகள் மலைவெளிகளிலே தம்மிச்சையாய் மேயும். இலையுதிர் காலத்திலே அவற்றைத் தேடித் திரட்டி வீடு சேர்க்க வேண்டும். கல்லும் சேறும் நிறைந்த அவ்வெளிகளிலே நாயின் துணையின்றி அவ்வேலை நடவாது. ஆகவே நாயில்லாத பண்ணை வீடு அங்கே அரிது.

குளிர்காலம் வந்ததும் எல்லோரும் வீட்டினுள் ஒடுங்குவர். புற்கரணைகளை அடுக்கிக் கட்டிய அந்த வீடுகளிலே, 'பாத்ஸ்தோவா' எனப்பட்ட ஒரே நீண்ட அறைதான் குடும்பத்தார்க்கும் வேலையாட்களுக்கும் உறங்குமிடம், உண்ணுமிடம், நூல் நூற்குமிடம் யாவும். வெளியே பனி கொட்டும்போது நாயும் அங்கேதான் படுத்திருக்கும். உணவு முடிந்தபின் மரக்கிண்ணங்களை நாயின்முன் வைத்து நக்கவிடுதலும் பல வீடுகளில் வழக்கமாய் இருந்தது. எரிபொருளும் வெந்நீரும் அருமையாய் இருந்த நாட்டிலே அது ஒரு சிக்கனம். அதனை எவரும் குற்றமாகக் கருதவில்லை.

இத்தகைய வீடுகளிலேதான் 'சுல்லவெய்கி' என ஐஸ்லாந்தியர் அழைத்த நோய் வாழ்ந்தது. 'சுல்லூர்' என்றால் அவர்கள் மொழியில் நீர்க்கட்டி. நோயுற்றவருக்குத் தொடக்கத்தில் ஒன்றும் தோன்றாது. ஆண்டுகள் பல சென்றபின் வலப்பக்க விலாவின் கீழே ஒரு பாரம் தோன்றும். வயிறு மெல்ல மெல்லப் பருக்கும், உடல் மெலியும், சிலருக்குக் கண்ணும் தோலும் மஞ்சளிக்கும். கட்டி சுவாசப்பையில் அமைந்தால் இருமலும் மூச்சுத் திணறலும் வருத்தும். ஒருநாள் அக்கட்டி உள்ளே உடையுமாயின் சடுதி மரணமும் நேரலாம். இந்நோயின் பழைமையை மண்ணே சான்று கூறியிருக்கிறது. கிழக்கு ஐஸ்லாந்தின் ஸ்க்ரிதுக்ளோய்ஸ்தூர் என்னுமிடத்தில், 1493ஆம் ஆண்டில் நிறுவப்பட்டுப் பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நிலவிய ஒரு துறவிமடம் இருந்தது. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் இடுகாட்டை அகழ்ந்த ஆராய்ச்சியாளர், சில எலும்புக்கூடுகளின் நடுவே சுண்ணாம்பேறி இறுகிப்போன நீர்க்கட்டிகளைக் கண்டெடுத்தனர். நோய் தீர்க்கும் இல்லமாகவும் விளங்கிய அம்மடத்திலே, ஆறுதல் தேடி வந்து மாண்டவர்களின் துயரம் அக்கட்டிகளில் எஞ்சியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஐஸ்லாந்து டென்மார்க் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தீவு மக்களின் சுகாதார நிலையை ஆராயுமாறு டேனிய வைத்தியர் ஷ்லைஸ்னர் அனுப்பப்பட்டார். 1847, 1848ஆம் ஆண்டுகளில் நாட்டைச் சுற்றிப் பார்த்த அவர், 1849இல் தம் ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டார். நீர்க்கட்டி நோய் இங்கே அன்றாட நோயாய் இருப்பதை அந்நூல் வெளிப்படுத்தியது. தீவின் தலைமை வைத்தியராய் இருந்த தோர்ஸ்டென்சன், ஏழு பேருக்கு ஒருவர் இந்நோயினர் என்று மதிப்பிட்டிருந்தார். பின்வந்த வைத்தியர்கள் அம்மதிப்பு மிகையென்று கருதி அதனைப் பெரிதும் குறைத்தனர். எவ்வாறாயினும், இந்நோயை அறியாத ஊர் அந்நாட்டில் இல்லை என்பதில் ஐயமிருக்கவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதே அப்பொழுது எவருக்கும் விளங்காத புதிராய் இருந்தது.

அப்புதிரின் விடை பல நாடுகளில், பல காலங்களில், துண்டு துண்டாகத் திரண்டது. ஈரலில் நீர் நிறையும் நோயைப் பழைய கிரேக்க வைத்திய நூல்களே குறிப்பிட்டிருந்தன. ஆனால் அந்நீர்க்கட்டி உடலின் கெட்ட நீர் அன்று, அது வேறோர் உயிர் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேதான் அறிஞர் உணரத் தலைப்பட்டனர். 1766இல் பல்லாஸ் என்பவர் அக்கருத்தைக் கூறினார். 1782இல் கோட்சே என்னும் ஜெர்மானியர், கட்டியினுள்ளே மணல்போலக் கிடந்த நுண்பொருளை உருப்பெருக்கியாற் பார்த்து, அவை நாடாப்புழுவின் தலைகளை ஒத்திருப்பதைக் கண்டார். தலை இங்கே இருக்கிறது, உடல் எங்கே? எழுபது ஆண்டுகள் கழித்து, 1852ஆம் ஆண்டளவில், சீபோல்ட் என்னும் விலங்கியலறிஞர் கால்நடைகளின் நீர்க்கட்டிகளை நாய்களுக்கு ஊட்டி, சில வாரங்களின் பின் அவற்றின் குடலைத் திறந்து பார்த்தார். அங்கே மிகச் சிறிய நாடாப்புழுக்கள் கூட்டங்கூட்டமாய் ஒட்டியிருந்தன.

அந்தப் புழுவின் வாழ்க்கை ஒரு வட்டம். நாயின் சிறுகுடலில் வாழும்போது அது முழுவளர்ச்சி பெற்ற புழு. ஆயினும் அதன் நீளம் 3 முதல் 6 மில்லிமீற்றர் வரையே. ஒரு தலையும் மூன்று நான்கு துண்டங்களுமே அதன் உடல். முட்டை நிறைந்த கடைசித் துண்டம் நாயின் மலத்தோடு வெளியேறும். கண்ணுக்குத் தெரியாத அம்முட்டைகள் புல்லில் விழும், நீரிற் கலக்கும், நாயின் மயிரிலும் மூக்கிலும் நாவிலும் ஒட்டிக்கொள்ளும். புல்லை மேயும் ஆடு அவற்றை விழுங்கும். நாயைத் தடவிய கையைக் கழுவாமல் வாயில் வைக்கும் குழந்தையும் விழுங்கும். முட்டையிலிருந்து வெளிப்படும் கரு குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு சென்று, பெரும்பாலும் ஈரலிலும், அடுத்தபடி சுவாசப்பையிலும் தங்கி, நீர்க்கட்டியாய் வளரும். ஆட்டை அறுக்கும்போது கட்டியுள்ள ஈரல் நாய்க்கு எறியப்படுமாயின், கட்டியினுள்ளிருக்கும் ஆயிரமாயிரம் தலைகள் நாயின் குடலில் மீண்டும் புழுக்களாகும். வட்டம் முற்றுப்பெறும்.

இவ்வட்டத்தில் மனிதனுக்கு உரிய இடம் ஏதுமில்லை. அவனது கட்டியை எந்த நாயும் உண்பதில்லை. ஆகவே புழுவுக்கும் அவனால் பயனில்லை. நோயாளியிடமிருந்து மற்றொருவருக்கு இந்நோய் தொற்றுவதுமில்லை. வழி தவறி வந்த விருந்தாளி வீட்டையே இடித்துவிடுவதுபோன்றது அக்கட்டியின் செயல்.

1863ஆம் ஆண்டில், கோப்பன்ஹேகன் நகரின் மிருக வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த ஹரால்ட் கிராப்பே என்னும் அறிஞர் ஐஸ்லாந்துக்குச் சென்றார். அவருக்கு அப்பொழுது வயது முப்பத்திரண்டு. அங்கே அவர் நூறு நாய்களின் குடலை அறுத்து ஆராய்ந்தார். இருபத்தெட்டு நாய்களில் அச்சிறு புழு இருந்தது. கோப்பன்ஹேகனில் அவர் ஆராய்ந்த ஐந்நூறு நாய்களிலோ இரண்டில் மட்டுமே அது காணப்பட்டது. ஐஸ்லாந்து மக்கள் ஏன் நோயுறுகின்றனர், டென்மார்க் மக்கள் ஏன் தப்புகின்றனர் என்பதற்கு இவ்விரண்டு எண்களே போதிய விடையாயின. ஐஸ்லாந்திய வைத்தியர் யோன் பின்சனோடு சேர்ந்து, மனித உடலிலிருந்து எடுத்த கட்டியை நாய்க்கு ஊட்டியும் அவர் சோதித்தார். ஆட்டின் கட்டியிலிருந்து தோன்றிய அதே புழு அதிலிருந்தும் தோன்றியது. ஆட்டின் நோயும் மனிதனின் நோயும் ஒன்றே என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

காரணம் தெரிந்தது, செய்யவேண்டியது யாது? நாய்களையெல்லாம் கொன்றுவிடலாம் என்று ஒருவர் எளிதாகச் சொல்லலாம். ஆனால் நாயின்றி ஆடில்லை. ஆடின்றி ஐஸ்லாந்தியருக்கு வாழ்வில்லை. நோயுற்றவரைக் குணமாக்கலாம் என்றால், அக்காலத்துச் சத்திர சிகிச்சை மிகுந்த ஆபத்துடையது. கட்டிக்கு மேலுள்ள தசையைக் காரமருந்தால் நாட்கணக்கிற் சிறிது சிறிதாக எரித்து வழி திறக்கும் கொடிய முறையையே பின்சன் கையாள வேண்டியிருந்தது. ஆகவே எஞ்சிய வழி ஒன்றுதான்: வட்டத்தை ஓரிடத்தில் அறுத்துவிடுவது. ஆடு மலையில் மேய்வதைத் தடுக்க முடியாது. ஆனால் அறுத்த ஆட்டின் ஈரல் நாயின் வாயைச் சேராமல் தடுக்க முடியும். அதனைச் செய்யவல்லவர் அரசரோ வைத்தியரோ அல்லர். ஆடறுக்கும் நாளிலே கொல்லைப்புறத்தில் நிற்கும் கமக்காரனும் அவன் மனைவியும் மக்களுமேயாவர்.

இதனை உணர்ந்தே கிராப்பே 1864ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலை எழுதினார். நீர்க்கட்டி நோயைப் பற்றியும் அதனைத் தடுக்கும் வழிகளைப் பற்றியும் ஐஸ்லாந்தியருக்குக் கூறும் குறிப்புகள் என்பதே அதன் தலைப்பின் பொருள். அது ஐஸ்லாந்திய மொழியிலே அச்சிடப்பட்டு, நாடெங்குமுள்ள வீடுகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. புழுவின் கதை அதிலே விளக்கப்பட்டது. கட்டியுள்ள உறுப்புகளை நாய் தீண்டாதபடி அழிக்க வேண்டும். தேவைக்கு மேல் நாய் வளர்த்தல் ஆகாது. நாயோடு பழகுவதில் துப்புரவு வேண்டும் என்பன அதன் போதனைகளின் சாரம்.

அந்நூல் சென்று சேர்ந்த வீடுகளிலே அதற்கு ஏற்ற ஒரு வழக்கம் ஏற்கெனவே நிலவியது. ஐஸ்லாந்தியருள் எழுத்தறியாதார் மிகச் சிலரே. திருச்சபையின் முயற்சியால் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள்ளேயே வாசிக்கும் பழக்கம் அங்கே ஏறக்குறைய எல்லோர்க்கும் உரியதாயிற்று. நீண்ட குளிர்கால இரவுகளில், எல்லோரும் பாத்ஸ்தோவாவில் கூடியிருந்து கம்பளி நூற்கவும் பின்னவும், ஒருவர் விளக்கருகே அமர்ந்து உரக்க வாசிப்பார். 'க்வோல்த்வாக்கா' என்பது அந்த மாலைக் கூட்டத்தின் பெயர். வீர புருஷர்களின் பழங்கதைகளைக் கேட்டுப் பழகிய செவிகள், இப்பொழுது ஒரு புழுவின் கதையையும் கேட்டன. வாசிப்பவரின் காலடியிலே நாய் படுத்திருந்திருக்கும். கேட்டவர்கள் அதனை உதைத்து விரட்டவில்லை. ஆனால் அடுத்த இலையுதிர் காலத்தில் ஆட்டை அறுத்தபோது, ஈரலை எறியுமுன் கை சற்றுத் தயங்கியது. ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பதனால் விளையும் நன்மைக்கு இதனினும் சிறந்த சான்று காண்பது அரிது. வானொலியின் முன் அமர்ந்து கேட்கும் நேயர்கள் அந்த மாலைக் கூட்டத்தின் உறவினரே எனலாம்.

நூலைத் தொடர்ந்து சட்டமும் வந்தது. 1869ஆம் ஆண்டின் கட்டளையொன்று நாய் வளர்ப்பை ஒழுங்குபடுத்தி, தேவையற்ற நாய்களுக்கு வரி விதித்தது. 1890ஆம் ஆண்டின் சட்டம், நாய்களுக்கு ஆண்டுதோறும் புழுமருந்து கொடுக்க வேண்டுமென விதித்தது. அதற்கென நியமிக்கப்பட்டவர்கள் ஊர்தோறும் நாய்களைச் சேர்த்து, பட்டினி போட்டு, மருந்தூட்டி, வெளியேறியவை பரவாதபடி காத்தனர். ஆயினும், ஆண்டுக்கொருமுறை மருந்துண்ட நாய் மறுவாரமே கட்டியுள்ள ஈரலைத் தின்னுமாயின், ஏழு வாரத்துக்குள் அது மீண்டும் முட்டை பரப்பும் நாயாகிவிடும். ஆகவே வீட்டாரின் அறிவு துணைநின்றாலன்றிச் சட்டத்தால் மட்டும் பயனில்லை.

நாய்களின் புழுவுக்கு அக்காலத்து மேல்நாட்டு மிருக வைத்தியர் கையாண்ட மருந்துகளில் ஒன்று தமிழ் மக்களுக்கு மிகவும் பழக்கமான பொருள், அதுவே பாக்கு. கொட்டைப்பாக்கைப் பொடித்து நாய்க்குக் கொடுத்தால் குடல் இளகிப் புழுக்கள் வெளியேறும். பின்னர் பாக்கின் சாரமாகிய அரெக்கோலின் பிரித்தெடுக்கப்பட்டு, நியூசிலாந்து முதலிய நாடுகளின் நாய்களுக்குப் பல ஆண்டுகள் கொடுக்கப்பட்டது. 1970களில் பிராசிகுவாண்டெல் என்னும் சிறந்த மருந்து தோன்றியபின் பாக்குச் சாரம் வழக்கொழிந்தது.

இம்முயற்சிகளின் பயனை அளந்தறிந்தவர் ரெய்க்யாவிக் நகரின் நோயியல் பேராசிரியர் நீல்ஸ் துங்கால். இருபதாம் நூற்றாண்டில் அவர் பிரேத பரிசோதனைகளின் பதிவுகளை, இறந்தவர்கள் பிறந்த ஆண்டுப்படி வகுத்துப் பார்த்தார். நீர்க்கட்டி பெரும்பாலும் இளமையிலே தொற்றி வாழ்நாள் முழுவதும் தடயம் விடுவது. ஆகையால் ஒருவர் எப்பொழுது பிறந்தார் என்பதிலிருந்து, எப்பொழுது நோய் பரவிற்று என்பதை உய்த்துணரலாம். 1860களில் பிறந்தவருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கட்டி இருந்தது. அடுத்தடுத்த பத்தாண்டுகளில் பிறந்தவரிடையே அது படிப்படியாகக் குறைந்தது. 1900ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்தவருள் அது மிக அரிதாயிற்று. சிறு நூல் வீடுகளைச் சேர்ந்த அதே தலைமுறையிலேதான் சரிவு தொடங்கியது.

இவ்வெற்றி முழுவதையும் அந்நூலுக்கே உரியதாக்குவது நியாயமாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐஸ்லாந்தியர் ஆடுகளை உயிரோடு பிரித்தானியாவுக்கு ஏற்றுமதி செய்யலாயினர். பின்னர் ஆடு கறக்கும் வழக்கமும் அருகியது. கட்டி நிறைந்த கிழ ஆடுகள் குறைந்து, இளம் ஆடுகளே பெரிதும் அறுக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூட்டுறவு இறைச்சிக்கூடங்கள் எழுந்தபோது, அறுப்பு கொல்லைப்புறத்தைவிட்டு அகன்றது. கற்காரை வீடுகள் வந்தன. நாய் படுக்கையறையை விட்டு வெளியேறிற்று. ஆயினும் இம்மாற்றங்களிற் பல நிகழுமுன்பே நோய் தளரத் தொடங்கிவிட்டது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தலைநகராகிய ரெய்க்யாவிக் வேறொரு வழியையும் மேற்கொண்டது. 1924ஆம் ஆண்டிலே நகரினுள் நாய் வளர்ப்பதே தடைசெய்யப்பட்டது. அத்தடை அறுபது ஆண்டுகள் நீடித்து, 1984இலேதான் தளர்த்தப்பட்டது. ஆட்டு மந்தை இல்லாத நகரத்தாருக்கு நாயை விலக்குதல் இயலக்கூடியதாய் இருந்தது. கிராமத்தாரோ நாயை விலக்காமல் நோயை விலக்கினர். இரண்டினுள் அரியது எதுவென்று சொல்ல வேண்டுவதில்லை.

ஐஸ்லாந்தின் அனுபவம் பிற தீவுகளுக்கும் வழிகாட்டியது. 1959இல் நியூசிலாந்து இந்நோயை ஒழிப்பதற்கென்றே சட்டம் இயற்றியது; 2002ஆம் ஆண்டில் அந்நாடு நோயிலிருந்து தற்காலிகமாக விடுபட்டதென அறிவிக்கப்பட்டது. 1960களில் முயற்சி தொடங்கிய தஸ்மேனியாவும் அந்நிலையை எய்தியது. ஆனால் மத்திய ஆசியா, மேற்காசியா, கிழக்காபிரிக்கா, தென்னமெரிக்கா ஆகிய பகுதிகளின் ஆட்டு மேய்ப்பர் பலர் இன்றும் இந்நோயால் வருந்துகின்றனர். அங்கெல்லாம் அறுத்த ஆட்டின் ஈரலுக்கும் நாயின் வாய்க்கும் இடையேயுள்ள தூரம் இன்னும் மிகக் குறுகியது.

வீட்டில் நாயோ பூனையோ வளர்ப்போர் யாவருக்கும் இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. ஒட்டுண்ணியைக் கண்ணால் மட்டும் கண்டுகொள்ள இயலாது. சில புழுக்கள் அடையாளம் காட்டும். வயிறு பருத்து மெலிந்த குட்டியின் மலத்தில் உருண்டைப் புழு தெரியலாம். ஈறு வெளிறிச் சோர்ந்த குட்டிக்குக் கொக்கிப்புழு இருக்கலாம். நாயின் குதத்தருகே அரிசிபோல ஒட்டியிருக்கும் துண்டங்கள், தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவும் நாடாப்புழுவைக் காட்டும். ஆனால் ஐஸ்லாந்தை வருத்திய புழு எவ்வடையாளத்தையும் காட்டவில்லை. அதனைச் சுமந்த நாய் கொழுத்தும் ஓடியாடியும் திரிந்தது. ஆகவே நாய் சுகமாய் இருக்கிறது என்பதைக் கொண்டு வீடு சுகமாய் இருக்கிறது என்று முடிவு செய்தல் கூடாது. மிருக வைத்தியர் குறிக்கும் காலத்தில் புழுமருந்து கொடுத்தல், பச்சை ஈரலையும் குடலையும் கொடாதிருத்தல், தெள்ளுப்பூச்சியை ஒழித்தல், மலத்தை உடனுக்குடன் அப்புறப்படுத்துதல், நாயைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே குழந்தைகளை உண்ண விடுதல் ஆகிய இவையே அன்றும் இன்றும் காவல்.

ஹரால்ட் கிராப்பே ஐஸ்லாந்துப் பெண் ஒருவரை மணந்து, நீண்ட காலம் வாழ்ந்து, 1917ஆம் ஆண்டில் மறைந்தார். அவரது சிறு நூல் வீட்டுக்கு வீடு சென்று, பனி கொட்டிய இரவுகளில் விளக்கொளியிலே வாசிக்கப்பட்டு, கேட்டவர் கைகளிலே செயலாயிற்று. ஐஸ்லாந்தின் மலைகளில் இன்றும் நாய்கள் ஆடுகளைத் திரட்டிக்கொண்டு வருகின்றன. அவற்றைத் தழுவி விளையாடும் குழந்தைகளுக்கோ 'சுல்லவெய்கி' என்பது பாட்டன்மார் காலத்துச் சொல்.